ஆடுவோரும் ஆக்குவோரும்



பிறந்த மண்ணை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் வாழும் நம்மவர் இல்லங்களில் மாலைதோறும் ஒரு வழக்கு நடைபெறுகிறது. வாதி தாய், பிரதிவாதி பத்து வயதுச் சிறுவன், சான்றாகக் கைப்பற்றப்பட்ட பொருள் ஒரு கைப்பேசி. “எந்நேரமும் விளையாட்டுத்தானா?” என்பது குற்றச்சாட்டு. “இன்னும் ஐந்தே நிமிடம் அம்மா!” என்பது எதிர்வாதம். அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்பும் தந்தை நீதிபதியாக அமர்ந்து தீர்ப்புக் கூறுதல் வேண்டும். நாமும் அத்தகைய தீர்ப்புக்களைப் பன்முறை கூறியிருக்கிறோம். மறுநாள் மாலை அதே வழக்கு மீண்டும் மன்றம் ஏறுகிறது.

இவ்வழக்கில் எவரும் கேளாத வினா ஒன்று உண்டு. பிள்ளை எவ்வளவு நேரம் விளையாடினான் என்று கேட்கிறோம். அவ்விளையாட்டை ஆக்கியவர் யார், அதுபோன்ற ஒன்றை அவனே ஆக்க இயலுமா என்று நாம் கேட்பதில்லை. ஆசிரியர் சிலர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இவ்வினாவை எழுப்பி வந்துள்ளனர். அவர்களுடைய முயற்சியின் வரலாற்றை, அவர்கள் கண்ட தோல்வியையும் மறையாது, இன்று சொல்ல முற்படுகிறோம்.

கணினி விளையாட்டு வாணிகர் கையில் வளர்ந்த பொருளாக இன்று தோன்றினும், அதன் இளமைப் பருவம் கல்விச் சாலைகளிலேயே கழிந்தது. அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960களின் தொடக்கத்தில் பிடிபி-1 என்னும் கணினி ஒன்று இருந்தது. பெரிய இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தினாற்போன்ற தோற்றமுடைய அவ்வியந்திரத்தின் விலை 1,20,000 டாலர். ஸ்டீவ் ரஸ்ஸல் என்னும் இளைஞரும் அவருடைய நண்பர்களும் 1962ஆம் ஆண்டு அதில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விண்வெளிப் போர் விளையாட்டை உருவாக்கினர். ரஸ்ஸல் இரண்டு கலங்களை இயக்கினார். நடுவிலுள்ள விண்மீனுக்கு ஈர்ப்பு விசையைச் சேர்த்தவர் இன்னொருவர். பின்னணி வானில் விண்மீன்களை அவற்றின் உண்மையான இடங்களில் அமைத்தவர் மற்றொருவர். இதனைச் செய்யுமாறு எந்த ஆசிரியரும் அவர்களைப் பணிக்கவில்லை. தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆயினும் இயங்கியலையும் வானியலையும் நிரல் எழுதும் கலையையும் அவர்கள் அங்கே ஒருசேரப் பயின்றனர் என்பதை மறுக்க இயலாது.

ஆனால் அவர்கள் பொறியியல் கற்றோர். ஏனையோர் நிலை யாது? இதற்கு விடை தேடியவர்கள் டார்ட்மத் கல்லூரியின் கணிதப் பேராசிரியர்களான ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் ஆவர். இலக்கியமும் வரலாறும் பயிலும் மாணவர்களும் கணினியைக் கையாள வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கலைப்பட்டம் பெற்ற நம் போன்றோர் அவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். எளிய ஆங்கிலச் சொற்களால் அமைந்த ‘பேசிக்’ என்னும் கணினி மொழியை அவர்கள் படைத்தனர். அது முதன்முதலாக இயங்கியது 1964ஆம் ஆண்டு மே முதல் நாள். மாணவர்கள் உடனே செய்தது என்ன? விளையாட்டுக்களை எழுதினர். பின்னர் 1973இல் டேவிட் ஆல் என்பவர் அத்தகைய 101 விளையாட்டு நிரல்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். நூலிலுள்ள நிரலை வரிவரியாகத் தட்டச்சு செய்தாலன்றி விளையாட இயலாது. ஒரு காற்புள்ளி தவறினும் இயந்திரம் வாய் திறவாது. பிழையைத் தேடிக் கண்டு திருத்தியவனே விளையாடும் உரிமை பெற்றான். இவ்வாறு நிரலைப் படிக்கப் பழகிய இளைஞர் பலர் அதனை மாற்றவும், பின்னர்ப் புதிதாக எழுதவும் கற்றனர்.

இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் சீமூர் பேப்பர்ட். 1928இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இவர் கணித அறிஞர். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜே என்பாருடன் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். குழந்தை அறிவைப் பிறரிடமிருந்து பெற்றுக்கொள்வதில்லை, தனக்குள் தானே கட்டிக்கொள்கிறது என்பது பியாஜேயின் கொள்கை. பேப்பர்ட் அதனுடன் மேலும் ஒன்றைச் சேர்த்தார். பிறர் காணத்தக்க ஒரு பொருளை ஆக்கும்போது அக்கட்டுமானம் மிக நன்றாக நடைபெறுகிறது என்றார். அது மணல் வீடாகவும் இருக்கலாம், கவிதையாகவும் இருக்கலாம், கணினி நிரலாகவும் இருக்கலாம்.

வாலஸ் ஃபர்சீக், சிந்தியா சாலமன் முதலியோருடன் சேர்ந்து 1967ஆம் ஆண்டு அவர் ‘லோகோ’ என்னும் கணினி மொழியை உருவாக்கினார். சிறுவர்களுக்கென்றே எழுந்த மொழி அது. பின்னர் அதனோடு ‘ஆமை’ ஒன்று சேர்ந்தது. முதலில் தரையில் ஊர்ந்து எழுதுகோலால் கோடு இழுக்கும் சிறு பொறியாகவும், பிறகு திரையில் நகரும் உருவாகவும் அது விளங்கியது. ‘நூறு அடி முன்னே செல், வலப்பக்கம் தொண்ணூறு பாகை திரும்பு’ என்று நான்கு முறை கட்டளையிட்டால் ஆமை ஒரு சதுரம் வரையும். முக்கோணம் வரைய எத்தனை பாகை திரும்ப வேண்டும்? அறுபது என்று பெரும்பாலான பிள்ளைகள் கூறுவர். ஆமையோ வேறு எங்கோ போய் நிற்கும். பிள்ளை எழுந்து தானே ஆமையாக நடந்து பார்க்கும். முழுவதும் சுற்றி வர 360 பாகை, மூன்று திருப்பங்கள், ஆகவே ஒவ்வொன்றுக்கும் 120 என்று கண்டுகொள்ளும். கரும்பலகையில் எழுதிப்போட்டால் மறுநாளே மறந்து போகும் செய்தி, கால்களால் நடந்து அறிந்தபோது நிலைத்து நிற்கிறது.

பிழையைப் பற்றிய பேப்பர்டின் கருத்து நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. பள்ளியில் பிழை என்பது சிவப்பு மையால் அடிக்கப்படும் குற்றம். நிரல் எழுதுவோர்க்கோ முதன்முயற்சியிற் பிழை நேர்வது இயல்பு. பிழை எங்கே என்று ஆராய்வதே அங்குத் தொழில். மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட நமக்கு இது புதிதன்று. முதற்படியை அப்படியே அச்சுக்கு அனுப்பும் மொழிபெயர்ப்பாளர் எவரும் இலர். எழுதி, அடித்து, மாற்றி, மீண்டும் படித்து, ஒரு சொல்லுக்காக ஒரு மாலையை இழந்து, அதன் பின்னரே நல்ல படி உருவாகிறது. பெரியவர்களுக்கு உரிய இம்முறையைச் சிறுவர்க்கும் வழங்க வேண்டும் என்றே பேப்பர்ட் விரும்பினார்.

அவரும் சிந்தியா சாலமனும் 1971இல் கணினியைக் கொண்டு செய்யத்தக்க இருபது செயல்களைப் பட்டியலிட்டுக் கட்டுரை ஒன்று எழுதினர். படம் வரைதல், இசை அமைத்தல், கவிதை ஆக்குதல் ஆகியவற்றோடு விண்வெளிப் போர் விளையாட்டும் அதில் இடம்பெற்றது. இருபதாவது செயல், இன்னும் இருபது செயல்களைச் சிந்தித்துக் காண்பதே!

1980களில் கணினியின் விலை குறைந்தது. இங்கிலாந்தில் பிபிசி நிறுவனம் நாட்டு மக்களுக்குக் கணினிக் கல்வி அளிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஓர் ஒலிபரப்பு நிறுவனமே ஆசிரியர் பொறுப்பை ஏற்றமை வானொலி நேயர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அதற்கென ‘பிபிசி மைக்ரோ’ என்னும் கணினி 1981இல் வெளிவந்தது. அதனை இயக்கியவுடன் திரையில் தோன்றுவது, கட்டளைக்குக் காத்திருக்கும் ஓர் அடையாளமே. ஏதேனும் எழுதினாலன்றி அது எதுவும் செய்யாது. கேம்பிரிட்ஜில் பயின்ற டேவிட் பிரேபன், இயான் பெல் என்னும் இரு மாணவர்கள் அதன் 32 கிலோபைட் நினைவகத்திற்குள் ‘எலைட்’ என்ற விளையாட்டை 1984இல் அடக்கிக் காட்டினர். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள்! அத்தனை உலகங்களையும் எழுதி வைக்க இடம் ஏது? சிறு கணக்கு விதி ஒன்றினால் வேண்டும்போது அவற்றைத் தோற்றுவித்தனர்.

அதே பிபிசி மைக்ரோ நம் நாட்டிற்கும் வந்தது. 1984இல் இந்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 250 பள்ளிகளில் அக்கணினிகள் முதற்கட்டமாக நிறுவப்பட்டன. நம் நாட்டுப் பள்ளி மாணவர் பலர் கணினியைக் கண்ணாற் கண்டது அப்போதுதான்.

நிற்க. இவ்வளவு ஊக்கத்தோடு தொடங்கிய முயற்சிக்கு ஒரு பெரும் சோதனை வந்தது. நிரல் எழுதக் கற்ற பிள்ளைகள் பிறவற்றிலும் திட்டமிட்டுச் சிந்திப்பார்கள் என்று பலர் நம்பினர். நியூயார்க் நகரின் பாங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லாந்து ஆகிய இருவரும் இதனை ஆராய்ந்து 1984இல் முடிவை வெளியிட்டனர். வகுப்பறையைத் துப்புரவு செய்யும் வேலைகளை எவ்வரிசையில் செய்தால் நேரம் குறையும் என்று திட்டமிடுமாறு பிள்ளைகளைக் கேட்டனர். ஓராண்டு லோகோ பயின்றோர், பயிலாதோரினும் சிறப்பாகத் திட்டமிடவில்லை! கணினியைக் கொண்டுவந்து வைத்தாலே அறிவு வளரும் என்ற எண்ணம் அத்துடன் ஆட்டங்கண்டது. நூலகத்திற்குள் நுழைந்த அளவில் ஒருவர் புலவராகிவிடுவதில்லை அன்றோ?

எங்கே குறை? இதற்கான விடை பாஸ்டன் நகரத்துப் பொதுப் பள்ளி ஒன்றில் கிடைத்தது. ஹெனிகன் பள்ளி என்பது அதன் பெயர். 1980களின் பிற்பகுதியில் பேப்பர்டின் மாணவி ஈடிட் ஹாரெல் அங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம், கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கைக் கற்பிக்கும் மென்பொருள் ஒன்றை ஆக்குமாறு கூறினார். அவரைத் தொடர்ந்து யாஸ்மின் கஃபாய் என்னும் ஆராய்ச்சியாளர் மேலும் ஓர் அடி சென்றார். பதினாறு பிள்ளைகள் ஆறு மாத காலம் பின்னத்தைக் கற்பிக்கும் கணினி விளையாட்டுக்களை லோகோவில் ஆக்கினர். தம் திட்டங்களையும் மாற்றங்களையும் அவர்கள் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வந்தனர். ஆடப்போகிறவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். 1995இல் இவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. முன்னர் நிரல் எழுதிய பிள்ளைகளுக்குக் கட்டளை இருந்தது, பயிற்சி இருந்தது. எதிரே ஆடுவோர் இல்லை. ஹெனிகன் பள்ளியிலோ ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே ஒருவர் இருந்தார். ‘என் விளையாட்டை அவனால் புரிந்துகொள்ள முடியுமா? அரை என்பதும் நான்கில் இரண்டு என்பதும் ஒன்றே என அவளுக்கு எவ்வாறு காட்டுவேன்? தவறான விடை கூறினால் என்ன நிகழ வேண்டும்?’ இவ்வினாக்களுக்கு விடை தேடிய பிள்ளை, பின்னத்தையும் நிரலையும் பிறர் உள்ளத்தையும் ஒருங்கே கற்க வேண்டியதாயிற்று. படிப்பவனாக ஒருமுறை அறிந்ததைச் சொல்லிக்கொடுப்பவனாக மறுமுறை அறிந்தது. உரையாசிரியனுக்கு மூலநூல் எவ்வளவு ஆழமாகத் தெரிய வேண்டுமோ, விளையாட்டை ஆக்குவோனுக்குப் பொருள் அவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டும்.

கஃபாய் கண்ட மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. ஆண்பிள்ளைகள் பலர் நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிகழும் சாகசக் கதைகளை அமைத்தனர். தவறான விடை கூறியவர் அடிபட்டு வீழ்ந்தார். பெண்பிள்ளைகள் பலர் வகுப்பறை, பனிச்சறுக்கு மலை முதலிய அன்றாட இடங்களை அமைத்தனர். தவறியவர் மீண்டும் முயலலாம். கடையில் விற்கும் விளையாட்டு எல்லோருக்கும் ஒரே அச்சு. பிள்ளைகளே ஆக்கியபோது அவரவர் மனம் அதில் வெளிப்பட்டது.

இதன்பின் வந்த பெரு மாற்றம் ‘ஸ்கிராட்ச்’. மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பாரின் குழுவினர் 2007இல் இதனை விலையின்றி உலகிற்கு அளித்தனர். இதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளாகத் தோன்றும் கட்டளைகளைப் பொம்மை வீடு கட்டுவதுபோல் ஒன்றோடொன்று பொருத்தினால் போதும், பொருந்தாதவை ஒட்டா. எழுத்துப்பிழை என்னும் பழைய வாயிற்காவலன் இவ்வாறு விலகினான். எஞ்சியது கருத்துப் பிழை மட்டுமே. கற்கத் தக்கதும் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். மரத்திலிருந்து விழும் மாங்கனிகளைக் கூடையால் ஏந்தும் விளையாட்டை ஒரு சிறுமி ஆக்க விரும்புகிறாள் என்று கொள்வோம். ஸ்கிராட்ச் திரையின் நடுப்புள்ளி சுழி. வலக்கோடி 240, இடக்கோடி கழித்தல் 240. உச்சி 180, அடி கழித்தல் 180. கனி உச்சியில் தோன்றிக் கீழே வர வேண்டுமாயின் அதன் உயரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். சுழியைத் தாண்டியும் அது குறைகிறது. எதிரெண் என்பது பாடநூலின் புதிராக இன்றி, விழும் கனியாக அவள் கண்முன் நிற்கிறது. ‘திரும்பத் திரும்பச் செய்’ என்பது ஒரு கட்டளை. ‘கூடையைத் தொட்டால் மதிப்பெண்ணை ஒன்று கூட்டு’ என்பது நிபந்தனை. மதிப்பெண்ணைச் சேமிக்கும் கலத்திற்கு மாறி என்று பெயர். ஆட்டம் தொடங்கும்போது மதிப்பெண்ணைச் சுழியாக்க மறந்துவிட்டால் முந்தைய ஆட்டத்தின் மதிப்பெண் தொடர்ந்து நிற்கும், தம்பி அதனைக் கண்டு சிரிப்பான், அவள் திருத்துவாள். கனி மிக விரைந்து விழுந்தால் எவரும் ஆடார். மிக மெல்ல விழுந்தால் அனைவருக்கும் சலிப்பு. இரண்டிற்கும் இடையே தக்க விரைவைக் காண்பது கணக்கன்று, கலை. நிரல் எழுதும் திறமும் படைப்பாற்றலும் கைகோக்கும் இடம் இதுவே.

ஸ்கிராட்ச்சில் ஒருவர் வெளியிட்ட விளையாட்டைப் பிறர் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மூலத்தை ஆக்கியவர் பெயரைச் சுட்டித் தம் படியை வெளியிடலாம். 1962இல் ரஸ்ஸலின் நண்பர்கள் ஒருவர் ஆக்கியதில் ஒருவர் சேர்த்த அதே முறை, இப்போது சிறுவர் கைக்கு வந்திருக்கிறது.

நம் நாட்டில் இம்முயற்சி எந்நிலையில் உள்ளது? கேரள மாநிலம் 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்களை ஏறத்தாழ 2000 உயர்நிலைப் பள்ளிகளில் அமைத்தது. அசைபடம், நிரல், மின்னணுக் கருவிகள் முதலியவற்றில் அங்கே மாணவர்க்குப் பயிற்சி தரப்படுகிறது. ஸ்கிராட்ச் வாயிலாக விளையாட்டுக்களையும் அவர்கள் ஆக்குகின்றனர். நடுவண் அரசின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புக்களிலேயே நிரல் எழுதும் செயல்களை அறிமுகம் செய்ய வேண்டும் என்று கூறுகிறது. கொள்கை எழுதப்பட்டுவிட்டது. ஆயினும் ஒரு கணினியைச் சுற்றி பத்துப் பிள்ளைகள் நிற்கும் பள்ளிகள் இன்னும் உள்ளன. கட்டளைகளை மனப்பாடம் செய்வித்துத் தேர்வில் ஒப்பிக்கச் செய்தால் பாங்க் ஸ்ட்ரீட் ஆராய்ச்சி கண்ட முடிவையே நாமும் காண்போம். கணினி வாங்குவதோடு நில்லாது, ஆக்குவதற்கு ஒரு பொருளையும், ஆடுவதற்கு ஒருவரையும் பிள்ளைக்குத் தருதல் வேண்டும்.

வெளிமாநிலத் தமிழராகிய நமக்கு இதில் தனிப்பட்ட ஓர் அக்கறை உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் மராத்தியும் வங்காளமும் பயில்கின்றனர். தமிழ் அவர்கள் காதில் விழுகிறது. கண்ணிற் படுவது அரிது. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றால் பாட்டியிடம் இரண்டு சொற்றொடர் பேசிவிட்டு மூன்றாவதற்கு ஆங்கிலத்தைத் துணைக்கு அழைக்கின்றனர். இக்குறை நம் நெஞ்சை எத்துணை வருத்துகிறது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் எழுத்துப் பாடம் நடத்திப் பார்த்தோம். பிள்ளைகள் பாடத்திற்கு அஞ்சி ஓடியதே கண்ட பயன்.

நாம் கூறிய மாங்கனி விளையாட்டில் ஒரு சிறு மாற்றம் செய்து பாருங்கள். விழும் கனிமேல் ‘ழ’, ‘ள’, ‘ல’ என்னும் எழுத்துக்களை எழுதலாம். ஸ்கிராட்ச்சில் குரலைப் பதிவு செய்து சேர்க்கும் வசதி உண்டு. ஊரிலுள்ள பாட்டி “பழம்” என்று சொல்லக் கேட்டு, அதற்குரிய எழுத்தைக் கூடையில் ஏந்துமாறு அமைக்கலாம். பாட்டியின் குரலைப் பதிவு செய்யத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். எதைச் சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தமிழில் விளக்க வேண்டும். ‘ழ’ எங்கு வரும், ‘ள’ எங்கு வரும் என்று பிள்ளை முதலில் தான் அறிய வேண்டும். ஹெனிகன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னம் எவ்வாறு வாய்த்ததோ, அவ்வாறே நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாய்க்கக்கூடும். தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட ‘எழில்’ என்னும் கணினி மொழியும் உண்டு. தமிழ் பேசும் மாணவர் கணினி பயில்வதற்கென்றே உருவான அதனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2009இல் வெளிவந்தது. வளர்ந்த பிள்ளைகள் அதனையும் முயன்று பார்க்கலாம்.

நம் மரபிற்கும் இது புறம்பானதன்று. கோயில் மண்டபத்துக் கல்தரையில் ஆடுபுலி ஆட்டத்திற்குக் கோடு கீறியவர் யாரோ ஒரு முன்னோர். திண்ணையில் கரித்துண்டால் கட்டம் வரைந்து, ‘இன்றைக்குப் புலி மூன்றல்ல, நான்கு’ என்று விதியை மாற்றி, சண்டையிட்டு, பின்னர் இணங்கி ஆடிய பிள்ளைகள் நாமே. அன்று ஆடியவரும் ஆக்கியவரும் ஒருவராகவே இருந்தோம். இடையில் ஆக்கும் தொழில் எங்கோ தொலைதூர நிறுவனங்களின் கைக்குப் போயிற்று. ஆடுவது மட்டும் நம் பிள்ளைகளின் பங்காயிற்று.

ஆகவே, இன்று மாலை அவ்வழக்கு மீண்டும் நம் முன் வரும்போது தீர்ப்பைச் சற்றே ஒத்திவைப்போம். கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன், “இதுபோல் ஒன்றை நீ செய்து தருவாயா? நான் ஆடுகிறேன்” என்று கேட்டுப் பார்ப்போம். பிள்ளை செய்து தரும் முதல் விளையாட்டு நிச்சயமாகப் பிழையுடையதாகத்தான் இருக்கும். கனி கூடைக்குள் விழாமல் மேலே பறக்கும். மதிப்பெண் தாறுமாறாக ஏறும். பொறுமையோடு அமர்ந்து ஆடுவோம். எங்கே பிழை என்று அவனையே காணச் செய்வோம். ஆடுவதற்கு ஒருவர் காத்திருக்கிறார் என்பதே அவனுக்கு வேண்டிய பாடம்.